மீன் தனியா, மாவு தனியா வருதா? வீட்டில் ஃபில்லெட் பொரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வஞ்சிரம் துண்டில் மசாலாவைத் தடவி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் புரட்டி எடுப்பது நம்ம வீடுகளுக்குக் கைவந்த வேலை. ஆனால், முள் நீக்கிய ஃபில்லெட்டை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டால் கதையே வேறு. மாவு ஒரு பக்கம் கழன்று மிதக்கும், மீன் இன்னொரு பக்கம் உடையும். எண்ணெய் படபடவென்று தெறிக்கும். தட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில் மொறுமொறுப்பு போய் சொதசொதவென்று ஆகிவிடும்.

"மசாலா சரியில்ல", "மாவு சரியில்ல" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையான காரணம் ஒன்றுதான்: இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் ஈரம்.

ஃபில்லெட் ஏன் படுத்துகிறது?

குறுக்கே வெட்டிய மீன் துண்டில் நடு முள்ளும் சுற்றிலும் தோலும் இருக்கும். சதை உடையாமல் இவை பிடித்துக்கொள்ளும். ஃபில்லெட்டில் இரண்டுமே இல்லை, வெறும் சதைதான். மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது உறைந்த மீனாக இருந்தால், ஐஸ் உருகும்போது சதைக்குள் இருந்து கூடுதலாகத் தண்ணீர் வெளியே வரும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இந்த நாட்களில் வஞ்சிரம் விலை எகிறும். அப்போது பலரும் கை நீட்டுவது ஃப்ரீஸரில் இருக்கும் 'பாசா' ஃபில்லெட்டை நோக்கித்தான். இது பங்கேசியஸ் வகையைச் சேர்ந்த வளர்ப்பு மீன். முள் இல்லை, வாடை குறைவு, குழந்தைகளும் தயங்காமல் சாப்பிடுவார்கள். ஆனால் தண்ணீர் அதிகம் விடும். புது மீனே வேண்டும் என்றால் கொடுவா நல்ல தேர்வு. சதை கெட்டியாக இருக்கும், எளிதில் உடையாது. மீன் வெட்டித் தருபவரிடம் "முள் எடுத்து சதையா மட்டும் குடுங்க" என்று கேட்டால் போதும்.

முதலில் உலர வையுங்கள்

உறைந்த மீனை முதல் நாள் இரவே ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அவசரம் என்றால், தண்ணீர் புகாத கவரில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைக்கலாம். சமையல் மேடையில் மணிக்கணக்கில் வைப்பதோ, வெந்நீரில் போடுவதோ வேண்டாம். உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளிப்பக்கம் கெட ஆரம்பித்துவிடும்.

ஐஸ் உருகியதும் விரல் அகலத்துக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மிகாமல் வெட்டி, லேசாக உப்பு தூவி 15 நிமிடம் வையுங்கள். உப்பு, சதையில் உள்ள தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியாலோ டிஷ்யூ பேப்பராலோ ஒற்றி எடுங்கள். தொட்டால் கை ஈரமாகக் கூடாது. அதுதான் பதம்.

எலுமிச்சைச் சாறு பிழிபவர்கள் அதைப் பொரித்த பிறகு பிழியலாம். முன்கூட்டியே பிழிந்து அரை மணி நேரம் ஊற வைத்தால், புளிப்பு பட்டுச் சதையின் மேற்பரப்பு வெளுத்து உதிரத் தொடங்கும்.

மாவுக்கு முன்னால் மாவு

பலர் தவறவிடும் இடம் இது. உலர்ந்த மீனை நேராகக் கரைசலில் முக்கக் கூடாது. முதலில் வெறும் மைதாவிலோ சோள மாவிலோ புரட்டி, அதிகப்படியான மாவை உதறிவிட வேண்டும்.

மீனின் மேலுள்ள ஈரம் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாக மாறும். மீனுக்கும் கரைசலுக்கும் நடுவே அந்த ஆவி சேர்ந்தால், மேல் ஓட்டை நெம்பித் தள்ளிவிடும். மாவு கழன்று வருவது இதனால்தான். நடுவில் இருக்கும் உலர் மாவு மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கரைசலுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

கரைசல் எப்படி இருக்க வேண்டும்?

அரைக் கிலோ மீனுக்கு:

- மைதா 100 கிராம்
- அரிசி மாவு அல்லது சோள மாவு 50 கிராம்
- பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன்
- மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, தேவைக்கு உப்பு
- நன்றாகக் குளிர்ந்த, இனிப்பில்லாத சோடா சுமார் 180 மில்லி

மைதா மட்டும் போட்டால் அதிலுள்ள குளூட்டன் இழுபட்டு, ஓடு ரப்பர் மாதிரி ஆகும். அரிசி மாவில் குளூட்டன் இல்லை, அதனால் மொறுமொறுப்பு கூடும். குளிர்ச்சி குளூட்டன் உருவாவதைத் தாமதப்படுத்தும். சோடாவின் குமிழ்கள் ஓட்டை லேசாக்கும். சோடாவைக் கடைசியில் ஊற்றி, பத்துப் பன்னிரண்டு சுற்று கலக்கினால் போதும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக, கரண்டியின் பின்பக்கம் பூசி நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும்.

பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்ப சோடாவை அள்ளிப் போட வேண்டாம். நிறம் கறுக்கும், சோப்பு போன்ற சுவை வரும்.

ஊருக்கு ஊர் மேல்பூச்சு மாறும். அமிர்தசரஸ் மீன் வறுவலில் கடலை மாவும் ஓமமும் முக்கியம். கொல்கத்தாவில் 'பேட்கி' எனப்படும் நம்ம கொடுவா மீனை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். எந்த வகையாக இருந்தாலும் மீனின் ஈரத்தை ஒற்றி எடுப்பது மட்டும் மாறாது.

எண்ணெய்ச் சூடு

170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. வெப்பமானி இல்லையா? ஒரு சொட்டு மாவைப் போடுங்கள். லேசாக அமிழ்ந்து, உடனே குமிழிட்டு மேலே வந்தால் தயார். அடியிலேயே தங்கினால் சூடு போதவில்லை. போட்டதும் கறுத்தால் சூடு அதிகம்.

பொரியும்போது கரைசலில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்த வேகம் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். ஒரே நேரத்தில் ஆறேழு துண்டுகளைப் போட்டால் எண்ணெய் சட்டென ஆறி, ஓடு இறுகுவதற்குள் எண்ணெய் குடித்துவிடும். இரண்டு மூன்று துண்டுகளாக, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து விடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும். உள்ளே கண்ணாடி போன்ற நிறம் மாறி வெள்ளையாகி, முள்கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தால் சரி.

எடுத்ததும் உதறி, கம்பித் தட்டில் வையுங்கள். ஓடு ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அதிகமாக உள்ளே இழுக்கப்படும். மூடி போட்டு வைத்தால் ஆவி திரும்ப இறங்கி, பட்ட பாடு வீணாகும்.

"பொரிச்சா எல்லாம் சரியாயிடும்" உண்மையா?

இல்லை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால், பாக்டீரியாக்களால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். கொதிக்கும் எண்ணெயில் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு வரலாம். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீன் வாங்கியதிலிருந்து அடுப்புக்குப் போகும்வரை குளிர்ச்சி விடாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. கெட்டுப்போன மீனை மசாலாவால் காப்பாற்ற முடியாது.

மீந்த எண்ணெயும் தீயும்

எண்ணெயில் 'மொத்த போலார் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் இதை அளக்க முடியாது. எண்ணெய் கறுத்தாலோ, பிசுபிசுத்தாலோ, நுரைத்தாலோ, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

கடாயில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைச் சிதறடிக்கும். கடாயைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. கேஸை அணைத்துவிட்டு, கடாயை மறைக்கும் அளவுள்ள உலோக மூடியால் மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அந்த மூடியைத் தேடி எடுக்க வேண்டிய நேரம், அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்புதான்.