'தேலெ'யும் தொலையும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோரப் பெயர்ப்பலகைகளைப் படித்துச் செல்வோர் கண்ணில் தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆகிய சொற்கள் படாமலிரா. இவற்றின் ஆங்கில மூலங்களில் 'டெலி' என முன்னிற்பது, 'தொலைவில்' என்று பொருள்படும் 'தேலெ' என்னும் பண்டைக் கிரேக்க வினையடையாகும். ஒலியும் பொருளும் இத்துணை நெருங்குவதால், கிரேக்கர் இதனைத் தமிழிலிருந்தே பெற்றனர் என மாணவர் சிலர் உறுதியாகக் கூறுகின்றனர். மேடைகளிலும் இது கேட்கிறது. ஆராய்ந்து பார்ப்பது தகும்.

ஹோமரின் காப்பியங்களில் 'தேலெ' பயின்று வரும் சொல். அரபியில் 'பயீத்' என்பதையடுத்து எதிலிருந்து தொலைவு என்பதைச் சுட்ட 'மின்' அல்லது 'அன்' வேண்டும். கிரேக்கத்திலோ பெயரை ஆறாம் வேற்றுமையில் நிறுத்தினாலே போதும். 'அப்போ' என்னும் இடைச்சொல் சேர்வதும் உண்டு. 'தேலோதென்' எனின் தொலைவிலிருந்து. 'தேலோசே' எனின் தொலைவு நோக்கி. ஒடிசியஸின் மகன் தேலேமாகோஸின் பெயருக்குத் 'தொலைவில் பொருபவன்' என்று பொருள் கூறுவர். ஏதென்ஸ் நகரின் உரைநடையாளரோ 'பொர்ரோ', 'மக்ரான்' ஆகியவற்றையே விரும்பினர். நம் வழக்கில் 'சேண்' செய்யுளோடு நின்றதைப் போல, 'தேலெ'யும் பெரும்பாலும் செய்யுட்சொல்லாகவே நின்றது.

இனி 'இஷ்திகாக்' எனப்படும் சொற்பிறப்பு. லெஸ்போஸ் தீவின் கவிஞர் சஃபோவின் ஈயோலியக் கிளைமொழியில் இச்சொல் 'பே' என்று தொடங்குகிறது. இது பிழையன்று. நான்கு என்னும் எண்ணுக்கு ஏதென்ஸ் வழக்கு 'தெத்தரெஸ்', ஈயோலியம் 'பிசுரெஸ்', இலத்தீன் 'குவாத்துவோர்'. ஒரு கிளையில் தகரமும் மற்றொன்றில் பகரமும் வருவது, 'க்வ' என்னும் மூல ஒலி பிளவுற்றதன் அடையாளம். தொலைவைக் குறிக்கும் வேல்ஸ் மொழிச் சொல்லும் பகரத்தில்தான் தொடங்குகிறது. ஆக, 'தேலெ'யின் தகரம் கிரேக்க மண்ணில் பின்னர்த் தோன்றியது. தமிழின் 'தொலை'யோ நீங்குதல், அழிதல், முடிதல் என்னும் வினைப்பொருளுடையது. பழைய இலக்கியம் தூரத்தைச் சேண், சேய்மை என்றே பெரிதும் வழங்கியது. இரு சொற்களும் தனித்தனி வழியில் வந்தவை. இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆயினும் கலைச்சொல் ஆக்கியோர் கைக்கு அது வாய்ப்பாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

உறங்கிக் கிடந்த சொல் 1611ஆம் ஆண்டு ரோம் நகரில் விழித்தது. கலீலியோவைச் சிறப்பித்த விருந்தொன்றில், அவரது கருவிக்கு 'டெலஸ்கோப்' எனப் பெயரிட்டவர் ஜொவான்னி தெமிசியானி. அவரும் கிரேக்கரே. பின்வந்த கருவிகள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின.

அரபு மொழி இதனை எதிர்கொண்ட விதம் நம் மாணவர் கவனத்திற்குரியது. தொலைபேசிக்கு 'ஹாத்திஃப்' என்றது. ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்கும் நிலையைக் குறித்த பழஞ்சொல் அது. தந்திச் செய்திக்கு, மின்னலாகிய 'பர்க்'கிலிருந்து 'பர்கிய்யா'. தொலைநோக்கிக்கு 'மிக்ராப்', அதாவது அண்மையாக்கும் கருவி. கிரேக்கர் தூரத்தால் அழைத்ததை அரபு நெருக்கத்தால் அழைத்தது! தொலைக்காட்சியில் அயற்சொல் நுழைந்தது. அதுவும் 'தில்ஃபாஸ்' என அரபு வார்ப்பில். அதிலிருந்து தா, லாம், ஃபா, ஸாய் என்னும் நான்கெழுத்து வேரும், 'தல்ஃபஸ' என்னும் வினையும் பிறந்துவிட்டன. ஹோமரின் வினையடையில் எஞ்சிய ஈரெழுத்துகள் இன்று அரபு இலக்கணத்திற்குள் வினைத்திரிபு கொள்கின்றன.

தமிழரும் தந்தியில் தூரத்தைக் கருதவில்லை; கம்பியைத்தான் கருதினர். அந்தச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. தொலைபேசி என்று எழுதும் தாம்பரத்துக் கடைக்காரரோ பேச்சில் 'போன்' என்கிறார். 'தேலெ'யை விட்டு, குரலைக் குறிக்கும் மறுபாதியை மட்டும் வைத்துக்கொண்டார்.