படம் வரைந்தால் விடை தோன்றும்

அட்சரகணிதம் என்றதும் மாணவர் பலர் சூத்திரங்களை மனனஞ் செய்கின்றனர். பரீட்சையில் அவை மறந்துபோனால் கலங்குகின்றனர். கேத்திரகணிதத்தைத் துணைக்கழைத்தால் இக்கலக்கம் நீங்கும்.

ஒரு நேர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் 10 மடங்கைக் கூட்ட 39 வரும். அவ்வெண் யாது? 9ஆம் நூற்றாண்டிலே பக்தாத் நகர அறிஞர் அல்குவாரிஸ்மி இதனைப் படத்தால் விடுவித்தார். நாமும் வரைவோம்.

அவ்வெண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைக. 10 மடங்கை இரு கூறாக்கி, 5 அகலமுள்ள இரு செவ்வகங்களாக அடுத்தடுத்த பக்கங்களிற் பொருத்துக. மொத்தப் பரப்பு 39. மூலையிற் குறைவது 25 பரப்புள்ள சிறு சதுரம். அதையுஞ் சேர்த்தால் 64 பரப்புள்ள பெருஞ் சதுரம். அதன் பக்கம் 8. அதில் 5ஐக் கழிக்க, விடை 3.

வீட்டுக்கணக்கில் இடர்ப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் விடை கூறவேண்டியதில்லை, “படம் வரைந்தாயா?” என வினவினாலே போதும்.