உடலே அளவுகோலான ஓடம்

ஓடம் கட்டத்தக்க மரம் வளராத நாட்டிலே ஓடம் கட்டுவது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் கிறீன்லாந்தின் இனுயிற் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடை கண்டனர். கயாக்கு என்னும் தோலோடமே அவ்விடை.

சைபீரியாவின் பேராறுகள் கடலிற் சேர்க்கும் மரங்கள் வட சமுத்திரத்துப் பனிக்கட்டியோடு மிதந்து வந்து கிறீன்லாந்தின் கரையில் ஒதுங்குகின்றன. அரிதாகக் கிடைக்கும் அம்மரத்தை அவர்கள் பலகையாக்கி வீணாக்கவில்லை. மெல்லிய சட்டங்களாற் கூடு கட்டி, அதனைக் கடல்நாயின் தோலாற் போர்த்தனர்.

ஓடம் கட்டுவோன் தன் உடலையே அளவுகோலாகக் கொண்டான். விரித்த இரு கைகளின் அகலத்தைப்போல் மும்மடங்கு நீளம். இடுப்பின் அகலத்தோடு பொத்திய கைகள் இரண்டின் அகலம் சேர்ந்தது ஓடத்தின் அகலம். பொத்திய கையும் நிமிர்த்திய பெருவிரலும் சேர்ந்தது ஆழம். இவ்வளவுகள் ஊருக்கு ஊர் வேறுபடினும், ஓடம் அவனவன் உடலுக்கே அமைந்தது.

இத்துணை நுணுக்கம் ஏன் வேண்டப்பட்டது? உறைகுளிர்க் கடலில் வீழ்ந்தவன் நெடுநேரம் உயிர் வாழ்தல் அரிது. ஓடம் உடலோடு இறுகப் பொருந்தியிருப்பின், கவிழ்ந்தவன் வெளியேறாமலே, துடுப்பினாலும் இடுப்பின் அசைவினாலும் மீண்டும் நிமிரலாம். அவன் அணியும் தோற்சட்டையின் கீழ்விளிம்பு ஓடத்தின் வாயைச் சுற்றிக் கட்டப்படுவதால் நீரும் உட்புகாது.

இனி, கட்டும் முறை. முதலில் இரு மேல்விளிம்புச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைப்பர். நீராவியில் இளக்கி வளைத்த விலாச்சட்டங்களின் நுனிகளை மேல்விளிம்பின் துளைகளிற் செருகுவர். அடியில் நெடுகச் செல்லும் மூன்று சட்டங்களை விலாக்களோடு வரிந்து கட்டுவர். இரும்பாணிக்குப் பதிலாக மர ஆணியும் வரிந்த கட்டுமே கூட்டைப் பிணைக்கின்றன. ஆதலின் அலை மோதும்போது அது முறியாமல் நெகிழ்ந்து கொடுக்கும். கட்டுமரத்தை அறிந்தோர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

தோல் தைத்தல் பெண்களின் பணி. ஈரத்தோலை இழுத்துப் பொருத்தி, விலங்கின் தசைநாரால் இரட்டைத் தையல் இடுவர். ஊசி தோலை முற்றாக ஊடுருவாது, அதன் கனத்தினுள்ளேயே சென்று மீள்வதால் நீர் புகத் துளை ஏற்படாது. உலர்ந்ததும் தோல் பறைபோல் இறுகும். கடல்மேற் சென்ற ஆடவனின் உயிர் இல்லத்துப் பெண்ணின் தையலிலே தங்கியிருந்தது எனின் மிகையன்று.

இருபதாம் நூற்றாண்டில் இயந்திரப் படகு பரவவே, வேட்டைக்குக் கயாக்கைக் கொண்டு செல்வோர் குறைந்தனர். ஆயினும் கட்டுங்கலை அழியவில்லை. 1964இல் சிமித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அட்னி, சப்பெல் ஆகியோரின் நூல் பல தோலோடங்களின் அளவு வரைபடங்களைத் தந்தது. இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பலர் வீட்டுக் கொட்டிலிலேயே இதனைக் கட்டுகின்றனர். தோலுக்குப் பதிலாகக் கித்தானையோ நைலோன் துணியையோ தைத்து, நீர்புகாப் பூச்சு இடுகின்றனர்.

போர்வை மாறலாம், அளவெடுக்கும் முறை மாறலாகாது. பிறர் உடலுக்கு வரைந்த படத்தை அவ்வாறே பின்பற்றுவோன் அழகிய ஓடத்தைப் பெறலாம். ஆபத்தில் அவனோடு சேர்ந்து நிமிரும் ஓடத்தைப் பெறுதல் அரிது. பொருந்திய ஓடம் வாய்த்தவனும், துணையொருவர் அருகிருக்கக் கரையோர நீரிற் கவிழ்ந்து நிமிரப் பழகிய பின்னரே ஆழ்கடலை நாடுதல் வேண்டும்.