வல்லூறின் கண் சிவப்பா, மஞ்சளா? பறவைப் படத்தை எதுவரை ‘எடிட்’ செய்யலாம்?

நல்ல வெயில். தலைக்கு மேலே ஒரு கரும்பருந்து வட்டமடிக்கிறது. கேமராவைத் தூக்கிப் பத்துப் பதினைந்து படம் எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால் கண்ணும் தெரியவில்லை, இறகும் தெரியவில்லை. பருந்து வடிவத்தில் ஒரு கறுப்பு நிழல்தான் இருக்கிறது. “என்னண்ணே, இவ்ளோ காசு போட்டு லென்ஸ் வாங்கியும் இப்படி வருது?” பருந்து, வல்லூறு, கழுகு போன்ற இரைகொல்லிப் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கும் பலரும் கேட்கும் கேள்வி இது.

‘எடிட் பண்ணிக்கலாம்’ என்பது வழக்கமான பதில். பண்ணலாம்தான். ஆனால் எதுவரை?

படம் ஏன் கறுத்துப்போகிறது?

கேமரா பொதுவாகப் படத்துக்குள் வரும் மொத்த வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. படத்தில் பெரும்பகுதி பளிச்சென்ற வானம் என்பதால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. நடுவில் இருக்கும் பருந்து இருண்டுபோகிறது. இதற்காகவே ‘எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்’ என்ற வசதி உள்ளது. அதை +1 அளவுக்கு ஏற்றினால் அடிப்பக்க இறகுகள் தெரியத் தொடங்கும்.

செம்பருந்துக்குக் கதையே வேறு. அதன் தலையும் மார்பும் வெள்ளை. இருண்ட மரங்களுக்கு முன்னால் அது பறக்கும்போது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளை இறகுகள் வெளிறி, ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே -1 பக்கம் போக வேண்டும். இருண்ட பகுதியைப் பின்னால் ஓரளவு மீட்கலாம். முழுவதும் வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு எதுவுமே பதிவாகியிருக்காது.

களத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. நகரும் பறவையைத் தொடர்ந்து பின்பற்றும் ‘கண்டினியூஸ் ஃபோகஸ்’ முறையை வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பு ஜேபெக் அல்ல, ‘ரா’ வடிவில் இருக்க வேண்டும். சென்சார் பதிவு செய்த விவரங்கள் சுருக்கப்படாமல் அதில்தான் கிடைக்கும்.

நேரமும் முக்கியம். காலை வெயில் சாய்வாக விழுவதால் இறக்கையின் அடிப்பக்கமும் துலங்கும். வெயில் ஏறியபின் சூடான காற்று மேலெழும்ப, பருந்துகள் அதில் ஏறி உயரே போய்விடும். கூடவே கானலும் சேர்ந்து படத்தைக் கலங்கடிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கானலை வெல்லாது.

எடிட்டிங்: எதில் தொடங்குவது?

முதலில் வெள்ளைச் சமநிலை. மாலை வெயிலில் எடுத்த படத்தில் பறவை முழுக்க மஞ்சள் பூசியதுபோல இருந்தால், அதைக் கண்ணால் பார்த்த அளவுக்குக் கொண்டுவரலாம். அடுத்து நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்குவது, தேவைக்கு வெட்டுவது, புள்ளி புள்ளியாகத் தெரியும் ‘நாய்ஸை’க் குறைப்பது, கடைசியாகக் கூர்மையாக்குவது. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் எங்கே?

வளர்ந்த ஆண் வல்லூறின் கண் அடர்சிவப்பு. இளம் பறவையின் கண் மஞ்சள். ‘கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டுமே’ என்று நிறத்தைக் கண்டபடி ஏற்றினால், இளம் பறவை வயதுவந்த பறவையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பறக்கும் வல்லூறின் இறக்கை நுனியில் விரல்போலப் பிரியும் இறகுகள் 5. அதைப் போலவே இருக்கும் யூரேசியன் ஸ்பேரோஹாக்குக்கு 6. மங்கலான படத்தை ஏஐ மென்பொருளிடம் கொடுத்தால், அது இல்லாத இறகை ‘ஊகித்து’ வரைந்துவிட வாய்ப்புண்டு. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இருப்பது நீங்கள் பார்த்த பறவை அல்ல.

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. ‘இபேர்ட்’ போன்ற தளங்களில் பொதுமக்கள் ஏற்றும் படங்கள், எந்தப் பறவை எங்கே, எப்போது இருந்தது என்பதற்கான சான்றாகின்றன. அங்கே தவறான இறகு, தவறான பதிவாகிவிடும்.

போட்டிகளிலும் அப்படித்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009-ல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம் பின்னர் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்ததே காரணம். இறுதிச்சுற்றுக்கு வரும் படங்களின் ‘ரா’ கோப்பையும் அங்கே கேட்டு வாங்குகிறார்கள்.

கூட்டைப் படமெடுக்கலாமா?

கூடாது என்பதுதான் நேரடியான பதில். தாய்ப் பறவை பயந்து கூட்டைவிட்டு எழுந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காகங்களிடமும் மாட்டிக்கொள்ளும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை ‘வேட்டை’ என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘சும்மா போட்டோதானே எடுத்தேன்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கிளையை ஒடித்து ‘வியூ’ சரிசெய்வதும், இரையைக் காட்டிப் பறவையை வரவழைப்பதும் தவிர்க்க வேண்டியவை. எதேச்சையாகக் கூடு இருக்கும் இடம் தெரிந்துவிட்டால், படத்தோடு பதிவாகும் ஜிபிஎஸ் தகவலை நீக்காமல் பகிரக் கூடாது.

எளிய சோதனை ஒன்று உண்டு. எடிட் செய்த படத்தையும் ‘ரா’ கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணின் நிறம், இறகுகளின் எண்ணிக்கை, வயிற்றுக் கோடுகள் ஆகிய மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பகிரலாம். ஏதாவது ஒன்று மாறியிருந்தால், ஒரு படி பின்னால் போய் அந்தத் திருத்தத்தை எடுத்துவிடுங்கள்.