தாம்பரம் வட்டாரத்தில் கல்லூரி வாழ்க்கையும் தட்பவெப்பமும்

தாம்பரம், சென்னையின் தெற்கு எல்லையை ஒட்டிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ள மாநகராட்சி ஆகும். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் என ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்த புறநகர்களில் கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நெருக்கமாக அமைந்துள்ளன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்தும் மாணவர்கள் இங்கு வந்து தங்கிப் படிக்கின்றனர்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பிரிவு, கட்டணம், வேலைவாய்ப்பு ஆகியவற்றை எல்லோரும் விசாரிக்கின்றனர். ஊரின் பருவநிலையை விசாரிப்பவர் குறைவு. காஷ்மீரில் கல்வி நிலையங்களின் நீண்ட விடுமுறை கடுங்குளிரை ஒட்டி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் நீண்ட விடுமுறை கோடை வெயிலை ஒட்டி வருகிறது. ஆனால் தாம்பரம் வட்டாரத்தில் அன்றாட வாழ்க்கையை உண்மையில் நிறுத்தி வைப்பது வெயில் அன்று, வடகிழக்குப் பருவமழை. அந்த மழைக்கு நாட்காட்டியில் விடுமுறை இல்லை. மாறாக, ஆண்டின் முதல் பருவத் தேர்வுகள் நடைபெறும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அது உச்சத்தை அடைகிறது.

தட்பவெப்பம்

சென்னைப் பகுதியின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ. ஆகும். இதில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரங்களில் இடியுடன் கூடிய மழை அவ்வப்போது உண்டு. மே மாதத்தில் வெப்பநிலை சில நாட்கள் 40 பாகை செல்சியசைத் தாண்டும். உலர்ந்த வெப்பத்துக்குப் பழகிய மாணவர்களை இங்கு வருத்துவது வெப்பமானியின் எண்ணைவிடக் காற்றிலுள்ள ஈரப்பதம்தான். பிற்பகலில் வீசும் கடற்காற்று வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் முதலில் எட்டிப் பின்னரே தாம்பரத்துக்கு வருகிறது. அது தாமதமாகும் நாட்களில் புழுக்கம் மிகும்.

குளிர்காலம் என்று சொல்லத்தக்கது மார்கழியும் தையும் மட்டுமே. சனவரி மாத அதிகாலையில் வெப்பநிலை 20 பாகையை ஒட்டி இறங்கும். அவ்வேளையில் உள்ளூர்ப் பெரியவர்கள் காதை மூடிய குல்லாவுடன் பால் வாங்கச் செல்வதும், சிம்லாவிலிருந்தோ சில்லாங்கிலிருந்தோ வந்த மாணவர் அரைக்கைச் சட்டையுடன் அவர்களை வியந்து பார்ப்பதும் ஆண்டுதோறும் காணக்கூடிய காட்சி.

இந்த ஊரின் காற்று ஒரு காலத்தில் மருந்தாகவே கருதப்பட்டது. ஐரோப்பாவில் காசநோயாளிகளைக் குளிர்ந்த மலைப் பகுதிகளில் தங்கவைத்துத் தூய காற்றாலும் ஓய்வாலும் சிகிச்சை தரும் முறை பரவியிருந்தது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தியவர் டேவிட் சௌரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர். கேம்பிரிட்சில் இருந்தபோது நோயுற்ற கணிதமேதை இராமானுசன் 1917-இல் அங்குச் சிகிச்சை பெற்றார். வெப்பநாட்டு உடலுக்கு அந்நாட்டுக் குளிர் எவ்வளவு கடினமானது என்பதை இராமானுசனின் இங்கிலாந்து வாழ்க்கை காட்டுகிறது. சௌரிமுத்து தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் திறந்த வெளியும் மரங்களும் நிறைந்த இடத்தில் காசநோய் நிலையத்தைத் தொடங்கினார். 1937-இல் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்பதே. அதே பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது.

கல்லூரிகள்

இப்பகுதியின் பழைய அடையாளம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1837-இல் பள்ளியாகத் தொடங்கிய இது நெடுங்காலம் சென்னை ஜார்ஜ் டவுனில் செயல்பட்டது. பரிதிமாற் கலைஞர் மாணவராகவும் பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தது அக்காலத்தில்தான். நகர நெரிசலில் இடம் போதாமல் 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. இங்கு அதற்குக் கிடைத்த நிலம் 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்சு என்பவரும் அவர் மனைவியும் அந்நிலத்தில் மரங்கள் வளர்ப்பதில் பெரும் அக்கறை காட்டினர். இன்று புள்ளிமான்கள் திரியும் காடாக அது விளங்குகிறது. வெயில் நேரத்தில் சாலையிலிருந்து வாயிலுக்குள் நுழைந்தால் வெப்பம் குறைவதை யாரும் உணரலாம்.

இக்கல்லூரியைப் பற்றி மாணவர் கருத்துகள் பெரும்பாலும் விடுதியைச் சுற்றியே அமையும். சேலையூர் விடுதி, புனித தாமசு விடுதி, பிசப் ஈபர் விடுதி ஆகிய மூன்றும் தொடக்க காலம் முதல் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் தனி மரபும் தனிப் பெருமிதமும் உண்டு. பிற மாநில மாணவர்களும் சிற்றூர் மாணவர்களும் ஒரே விடுதியில் தங்குவதால், வகுப்பறையில் கிடைக்காத ஒரு படிப்பு இங்குக் கிடைக்கிறது என்பது பழைய மாணவர்கள் பலர் கூறுவது. விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த அனுபவம் பாதிதான். கிழக்குத் தாம்பரம், கேம்ப் ரோடு பகுதிகளில் அறை எடுத்துத் தங்கும் அவர்களின் கல்லூரி வாழ்க்கை வேறு வகையானது.

குரோம்பேட்டையில் உள்ள மெட்ராசு தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.) 1949-இல் சி. ராஜம் என்பவரால் நிறுவப்பட்டது. வானூர்தி, தானுந்து, மின்னணு ஆகிய துறைகளில் நாட்டில் முன்னோடியாகப் பாடம் நடத்திய நிறுவனம் இது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் இங்கு வானூர்திப் பொறியியல் படித்தார். எழுத்தாளர் சுஜாதா இங்கு மின்னணுவியல் படித்தார். தற்போது இது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகும். வளாகத்தின் பரப்பைப் பொறுத்தவரை தாம்பரத்துக் காட்டோடு ஒப்பிட இயலாது. இங்கு இடம்பெற விரும்புவோர் அதைப் பொருட்படுத்துவதுமில்லை.

1980-களில் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது, நிலம் மலிவாகவும் ரயில் வசதியுடனும் இருந்த இந்தத் தெற்குப் பாதை அவற்றை ஈர்த்தது. சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் ஆகிய இடங்களில் அக்காலத்தில் தொடங்கிய சில நிறுவனங்கள் இன்று பல்கலைக்கழகங்களாகிவிட்டன. பின்னர் வந்தவை வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை நாடின. மேலக்கோட்டையூரில் மைய அரசின் இந்தியத் தகவல் தொழில்நுட்ப வடிவமைப்பு மற்றும் உற்பத்தி நிறுவனமும், மாநில அரசின் உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உள்ளன. "சென்னையில் படிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வரும் மாணவர், மெரினா கடற்கரை தன் வளாகத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பதைச் சேர்ந்த பிறகே அறிகிறார்.

ஊரும் பண்பாடும்

தாம்பரம் நெடுங்காலமாக ஒரு வாயில் ஊர். தென்மாவட்டங்களிலிருந்து வரும் ரயிலும் பேருந்தும் நகருக்குள் நுழையுமுன் நிற்கும் இடம் இது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. வேலை தேடி வந்து, நகரத்துக்குள் வாடகை கட்ட இயலாமல் ரயில் பாதையை ஒட்டிக் குடியேறியவர்களே இவ்வூர்களை நிரப்பினர். எனவே இங்குச் சென்னைத் தமிழோடு நெல்லை, தஞ்சை, விழுப்புரம் வட்டாரப் பேச்சுகளும் ஒரே தெருவில் கேட்கும். விமானப்படை நிலையமும் ரயில்வே குடியிருப்புகளும் இருப்பதால் இந்தியும் மலையாளமும் தெலுங்கும் புதியவை அல்ல. வெளிமாநில மாணவர் தமிழ் தெரியாமல் முதல் மாதத்தைக் கடத்திவிட முடியும். ஆனால் பகிர் ஆட்டோவில் இறங்கும் இடத்தைச் சொல்லவும், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் விலை பேசவும் பத்துச் சொற்களாவது கற்றுக்கொண்டவருக்கே ஊர் எளிதாகிறது.

ஊரின் பழமை கல்லூரிகளைவிடப் பல மடங்கு பெரியது. பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூசு ஃபூட் கண்டெடுத்த கற்கருவி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே தொடக்கமாகக் கருதப்படுகிறது. திருநீர்மலைப் பெருமாள் கோயில் ஆழ்வார் பாடல் பெற்ற தலம். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் செடி, பழைய நாற்காலி, மின்பொருள் என எல்லாம் கிடைக்கும். அறைக்குப் பொருள் சேர்க்கும் மாணவருக்கு இது பெரிய உதவி.

பொங்கலுக்கு முந்தைய நாட்களில் மாணவர்களும் தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் ஊர் திரும்புவர். பெருங்களத்தூரில் மூட்டை முடிச்சுகளுடன் பேருந்துக்குக் காத்திருந்த கூட்டம் பல ஆண்டுகள் செய்தித்தாள்களின் வழக்கமான படமாக இருந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின் அக்கூட்டம் சில கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துள்ளது.

மழையும் தங்குமிடமும்

மழையால் யாருக்கு எவ்வளவு தொல்லை என்பதை நிலத்தின் சரிவு தீர்மானிக்கிறது. தாம்பரம் இரு வடிநிலங்களுக்கு இடைப்பட்ட ஊர். மேற்கே விழும் நீர் பெரும்பாலும் அடையாற்றை நோக்கிச் செல்கிறது. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அடையாறு, வரதராசபுரம், முடிச்சூர் வழியாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் பெற்றுக்கொள்கிறது. கிழக்கே விழும் நீர் சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என ஏரிக்கு ஏரி நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட இச்சதுப்புநிலம் பெருமளவு சுருங்கிவிட்டது. ஏரிகளை இணைத்த கால்வாய்களும் பல இடங்களில் மனைகளாகிவிட்டன. வழி மறிக்கப்பட்ட நீர் பழைய வழியிலேயே செல்ல முயல்வதால்தான் தெருக்கள் மூழ்குகின்றன.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவு ஒரே நாளில் பெய்தது. முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் தரைத்தளம் முழுவதும் நீருக்குள் போனது. சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. ரயில்கள் நின்றன. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. மாணவர்களைப் பொறுத்தவரை தேர்வு தள்ளிப்போனது சிறிய இழப்பு. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் போன்ற மூல ஆவணங்களைத் தரைத்தள வீட்டில் வைத்திருந்தவர்கள் அவற்றையே இழந்தனர். வெள்ளத்தில் ஆவணம் இழந்தவர்களுக்கு மாற்றுப் படி வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது.

அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையைக் கடந்தது. இம்முறை வெள்ளத்தைவிடக் காற்றே பெருஞ்சேதம் விளைவித்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்கா பல வாரங்கள் மூடப்பட்டிருந்தது. புறநகரில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாங் புயல் மழையில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் மீண்டும் நீரில் நின்றன. மூன்று நிகழ்வுகளும் டிசம்பர் முதல் பாதியில் வந்தவை.

இதனால் வெளியில் அறை எடுக்கும் மாணவர், வாடகையையும் கல்லூரித் தொலைவையும் கேட்பதுடன் நீர்மட்டத்தையும் கேட்க வேண்டியுள்ளது. தரகரும் வீட்டு உரிமையாளரும் இதில் முழு விடை தருவர் என்று எதிர்பார்க்க இயலாது. அதே தெருவில் பல ஆண்டுகளாகக் கடை நடத்துபவரிடம் "2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டால், அவர் சுவரில் கைவைத்துக் காட்டிவிடுவார். ஏரிக்கரைத் தெரு, ஏரி விரிவு என்பன போன்ற தெருப்பெயர்கள் பல நேரங்களில் அந்நிலத்தின் பழைய வரலாற்றைச் சொல்பவை. வாடகை சற்று மிகுந்தாலும் முதல் மாடி அறையே ஏற்றது. மூலச் சான்றிதழ்களின் மின்னணுப் படிகளை டிஜிலாக்கரில் வைத்துக்கொண்டு, தாள்களை நெகிழி உறையிலிட்டு உயரமான அலமாரியில் வைப்பது நல்லது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இவற்றைச் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு செய்முறைத் தேர்வுகளும் தொடங்கிவிடும்.