செண்பகம் நடுமுன் மண்ணை அறிக

கடலூர் நகரின் பழம் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பெயர் பெற்றது. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை, உப்பங்கழிச் சேற்றில் வளரும் தில்லை மரத்தால் வந்தது. அம்மரத்தை இன்றும் பிச்சாவரம் கழிமுகக் காட்டில் காணலாம். மண் எம்மரத்தை வளர்த்ததோ அம்மரத்தின் பெயரையே நம் முன்னோர் ஊருக்கு இட்டனர். நாமோ மரக்கன்றை முதலில் விலைக்கு வாங்கிவிட்டு, மண்ணைப் பற்றிப் பின்னரே எண்ணுகிறோம்.

இப்பிழையை நாமும் செய்தோம். சிதம்பரத்தை அடுத்த எமது வீட்டுக் கொல்லையில் ஒரு செண்பகக் கன்றை நட்டோம். இரண்டாம் ஆண்டில் அதன் இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றன. உரம் போதவில்லை என்று கருதி யூரியா இட்டோம். மூன்றாம் ஆண்டில் கன்று நுனியிலிருந்து கருகி மாண்டது. அதனுடன் வாங்கிய மற்றொரு கன்றோ, பண்ருட்டிப் பக்கத்து உறவினர் வீட்டில் கூரைக்கு மேல் வளர்ந்து பூத்தது. செலவான பணம் சிறிது. வீணான மூன்று ஆண்டுகளே பெரிது.

காரணம் யாது?

செண்பகம், வெட்சி, கார்டீனியா ஆகியவை சற்றே புளிப்புத் தன்மை, அதாவது அமிலத் தன்மை, உள்ள மண்ணை விரும்புவன. மண்ணின் இத்தன்மையைக் கார அமில எண்ணால் குறிப்பர். இவ்வளவையை 1909-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரென்சன் வகுத்தார். எண் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் மாறினால் அமிலத்தின் அளவு பத்து மடங்கு மாறும். ஆகவே 6-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்காகும்.

கார மண்ணில் இரும்புச் சத்து இல்லாமல் இல்லை. அது நீரில் கரையாத உருவில் கிடக்கிறது. குதிர் நிறைய நெல் இருந்தும் கதவு பூட்டியிருந்தால் வீட்டார் பட்டினியே அல்லவா? செண்பகத்தின் நிலையும் அதுதான். இரும்புக் குறை இளந்தளிரில் முதலில் தோன்றும். தழைச்சத்துக் குறையோ முதிர்ந்த இலையில் தோன்றும். இவ்வேற்றுமையை அறிந்திருந்தால் யாம் யூரியாவைத் தேடிச் சென்றிருக்க மாட்டோம். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை மஞ்சளிப்பதைக் கண்ட அங்கத்தினர்களுக்கு இந்நோய் புதிதன்று.

ஒரே மாவட்டம், இரு வகை மண்

பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கங்களில் பலாவும் முந்திரியும் தழைக்கும் செம்மண், நீர் எளிதில் வடியக்கூடியது; பல இடங்களில் அமிலச் சார்போ நடுநிலையோ உடையது. அங்கே செண்பகத்தைத் துணிந்து நடலாம். சிதம்பரம் வட்டத்துக் கொள்ளிடப் படுகையில் உள்ள களிமண்ணோ பெரும்பாலும் காரச் சார்புடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரும் தேங்கும். கடலோரத்தில் இத்துடன் உப்பும் சேரும். புதிய வீட்டுச் சுவரோரம் இன்னொரு கேடும் உண்டு. கட்டட வேலையில் கொட்டிய சுண்ணாம்பும் சிமெண்டும் செம்மண்ணையும் காரமாக்கிவிடும்.

சோதிக்கும் முறை

நடவிருக்கும் இடத்தில் மூன்றடி ஆழம் குழி எடுத்து, அடிக்கு ஒரு மாதிரியாகத் தனித்தனியே அரைக் கிலோ மண் எடுக்க வேண்டும். குப்பைமேட்டின் அருகில் எடுக்கலாகாது. நிழலில் உலர்த்தித் துணிப்பையிலிட்டு, பெயரும் ஆழமும் எழுதி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் வழியாகப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. கிணற்று நீரையும் ஒரு புட்டியில் சேர்த்தனுப்புதல் நன்று. வீட்டிலேயே செய்யத்தக்க சிறு சோதனையும் ஒன்றுண்டு. உலர்ந்த மண்ணில் சிறிது காடியை ஊற்றுக. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு என்பது உறுதி. பொங்காவிடில் இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

திருத்த இயலுமா?

ஓரளவே இயலும். சாயத் தொழிலில் நெசவாளர் நன்கறிந்த அன்னபேதி என்னும் இரும்பு உப்பு இங்கே உதவும். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, மாலையில் இலைமீது தெளித்தால் மஞ்சளிப்பு நீங்கும். ஆயினும் புதுத் தளிருக்கு மீண்டும் தெளிக்க நேரும். மண்ணில் கந்தகத் தூள் இட்டால் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணில் அவ்வமிலம் முழுவதையும் சுண்ணாம்பே விழுங்கிவிடும். கடின நீரை நாள்தோறும் ஊற்றினால், இட்டதன் பயனை அந்நீரே அழிக்கும். கிணற்று நீரின் தன்மை அறியாமல் நூலுக்குச் சாயமேற்றிக் கைசுட்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனவே சிதம்பரம் பக்கத்து அன்பர்கள் வெட்சியையும் கார்டீனியாவையும் தொட்டியில் வளர்ப்பதே சிக்கனம். செம்மண் இரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு கலந்து நிரப்புக. மாடியிலிருந்து வடியும் மழைநீரைச் சேமித்து ஊற்றுக. மழைநீர் இயல்பாகவே சிறிது அமிலமுடையது. செண்பகமோ பெருமரமாதலின் தொட்டியில் அடங்காது. மேடு கட்டி நட்டாலும், வேர் நாளடைவில் பழைய களிமண்ணையே அடையும். அங்கே நிழலுக்கும் பூவுக்கும் மகிழம் நடுக. கடலோரத்திற்குப் புன்னையும் பூவரசும் ஏற்றவை. தில்லையை மட்டும் வீட்டில் வைக்கலாகாது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு.

சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் தனியே மண் எடுத்துச் சென்று அலைவதைக் காட்டிலும், ஒவ்வொரு சங்கமும் கோடையில் ஒரு நாள் குறித்து, அங்கத்தினர் அனைவரின் மண்ணையும் ஒருங்கே திரட்டி அனுப்புவது எளிது. வந்த முடிவுகளைத் தெருவாரியாக எழுதிச் சங்க அலுவலகத்தில் தொங்கவிட்டால், அடுத்த வீட்டாரும் பயன்பெறுவர். கன்று வாங்கச் செல்வோர் அதைப் பார்த்துவிட்டே செல்வர். எமது கொல்லையில் செண்பகம் நின்ற குழியில் இப்போது மகிழங்கன்று ஒன்று நிற்கிறது. இம்முறை மண்ணைச் சோதித்த பின்னரே நட்டோம்.