வீட்டு வாசலில் கான்கிரீட் போடும் முன்

வாகனம் நிறுத்தும் இடத்திற்கோ வீட்டின் பின்புறத்திற்கோ கான்கிரீட் தளம் போட எண்ணியிருக்கிறீர்களா? சரியாகப் போட்ட தளம் பல ஆண்டுகள் உழைக்கும். சரியாகப் போடாத தளத்தில் தண்ணீர் தேங்கும், பாசி படியும், கொசு பெருகும், கால் வழுக்கும். முதிய வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழையபடி நடமாடுவது பலருக்குக் கடினமாகிவிடும். ஆகவே, குத்தகையாளரிடம் பின்வருவனவற்றை முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடியும் சாய்வு

தளம் வீட்டுச் சுவரிலிருந்து வடிகாலை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். 1 மீட்டருக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் சாய்வு தேவை. 5 மீட்டர் நீளமுள்ள தளம் என்றால், வடிகால் பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். வடிகாலை முழுவதும் பூசி மூடிவிடாதீர்கள். திறந்து சுத்தம் செய்யக்கூடிய மூடி போடச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் அனுமதி தேவையா என உங்கள் ஊராட்சி மன்றத்திடம் கேளுங்கள்.

வழுக்காத மேற்பரப்பு

வழவழப்பாகத் தேய்த்த தளம் பார்க்க அழகாக இருக்கும். மழையில் அதுவே ஆபத்து. கான்கிரீட் இறுகும் முன் துடைப்பத்தை மேலே இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும். படி ஓரங்களில் மஞ்சள் வண்ணம் பூசினால் மங்கலான வெளிச்சத்திலும் தெரியும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டுமானால், 1 சென்டிமீட்டர் உயரத்திற்கு 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் ஆகும். பக்கத்தில் கைப்பிடியும் வைக்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது

ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். பட்ட உடனே வலிக்காமல், சில மணி நேரம் கழித்தே எரிச்சல் தெரியலாம். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அதுவும் தெரியாமல் போகலாம். வாசலில் கோலம் போடவோ துளசிக்கு நீர் ஊற்றவோ வெறுங்காலுடன் அந்தப் பக்கம் போகாதீர்கள். பேரப்பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள். சிமெண்டு பட்டுவிட்டால், நனைந்த காலணியையும் உடையையும் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும், தோலில் கொப்புளம் வந்தாலும் கழுவிய பிறகு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பழைய தளத்தை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் நுண்ணிய தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து அறுக்கச் சொல்லுங்கள். சன்னல்களை மூடி வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வேறிடத்தில் இருப்பது நல்லது.

வேலை முடிந்த பிறகு

கான்கிரீட் காய்வதால் மட்டும் வலுப்பெறுவதில்லை. ஈரம் இருந்தால்தான் உறுதியாகும். குறைந்தது 7 நாட்களுக்கு நனைந்த சாக்கால் மூடி, அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுவரை வாகனத்தை ஏற்றாதீர்கள். முழு வலு வர ஏறத்தாழ 28 நாட்கள் ஆகும்.

இந்த நாட்களில்தான் கொசுவையும் கவனிக்க வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை, 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிவிடும். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். வாளிகளையும் தள்ளுவண்டியையும் கவிழ்த்து வையுங்கள். சாக்கின் மடிப்புகளிலும் பிளாஸ்டிக் விரிப்பிலும் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருகும் இடத்தில் குடியிருப்பவர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். குத்தகையாளர் போன பிறகு பொறுப்பு உங்களுடையது.

கடைசித் தொகையைக் கொடுக்கும் முன்

தளம் இறுகிய பிறகு, சில வாளித் தண்ணீரைப் பரவலாக ஊற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் எங்காவது நீர் நின்றால், அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு பணத்தைக் கொடுங்கள்.

வேலை நடந்த நாட்களிலோ அதன் பிறகோ வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.